மைல்டர் என்ற சொல்லுக்கான சீட்டுகள்

பியூட்லி,
9 பிப்ரவரி 1905, வியாழன் காலை

அன்புத் தங்கை அடீலாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க இன்று எனக்கு மனம் வரவில்லை. இந்தக் கடிதத்துக்கு முன்பே ஒரு தந்தி வந்திருக்கும். "பொட்டலத்தைப் பிரிக்காதே, எரித்துவிடு" என்று மட்டும் அதில் இருந்திருக்கும். அக்காவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று நீயும் ஹியூபர்ட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருப்பீர்கள். சொல்கிறேன், முதலில் உட்கார்ந்துகொள்.

வின்னிக்குச் செங்காய்ச்சல்.

உன் பிரசவம் முடிகிறவரை பிள்ளை என்னிடம் பத்திரமாக இருக்கட்டும் என்று நம்பி அனுப்பினாய். நான் காப்பாற்றிய லட்சணத்தைக் கேள். திங்கட்கிழமை தொண்டை வலிக்கிறது என்றாள். சளி என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை படுக்கையிலேயே இரு என்றேன். உன் வயிற்றில் பிறந்தது ஒரு நாழிகை சும்மா இருக்குமா? "பெரியம்மா, சீட்டாவது குடுங்க, நான் வருசப்படி அடுக்கித் தரேன்" என்று நச்சரித்தாள். கொடுத்தேன்.

நவம்பரில் அகராதி ஆசிரியர் என் தலையில் கட்டினாரே, "மைல்ட்" என்ற சொல், மென்மையானது, கடுமை இல்லாதது என்று, அதன் சீட்டுகள்தான்; சீட்டுக்கு ஒன்றாக அந்தச் சொல் வருகிற ஒரு வரி, அது வந்த புத்தகம், வருடம். அதிலும் "மைல்டர்", அதாவது இன்னொன்றைவிடக் கடுமை குறைந்தது, என்று வருகிறவற்றைத் தனியாகக் கட்டி வைத்திருந்தேன், நூற்று நாற்பத்தாறு. ஏழு வயதுப் பிள்ளை பகல் முழுக்கப் போர்வைமேல் பரப்பி வைத்து, வருடம் தப்பாமல் அடுக்கிக் கொடுத்துவிட்டாள். நீயும் போன வாரம் எழுதியிருந்தாய், கால் இரண்டும் வீங்கிவிட்டது, டாக்டர் எழுந்திருக்கவே கூடாது என்கிறார், "சும்மா கெடந்தா பைத்தியம் புடிச்சுரும்க்கா, ஏதாவது வேலை அனுப்பு" என்று. அடுக்கியதை அப்படியே பழுப்புத் தாளில் சுற்றி, அன்று மாலையே விட்பிக்குத் தபாலில் சேர்த்தேன். புதன்கிழமை சட்டையைக் கழற்றினால் பிள்ளையின் மார்பெல்லாம் சிவப்பு.

அவள் மூச்சுபட்ட, அவள் கைபட்ட நூற்று நாற்பத்தாறு துண்டுத் தாளை, எட்டு மாதம் நிரம்பிய உன்னிடம் நானே கட்டி அனுப்பியிருக்கிறேன். பிள்ளைத்தாய்ச்சிக்கு இந்தக் காய்ச்சல் வந்தால் என்ன ஆகும் என்று டாக்டர் பெனிஸ்டன் சொன்னார். அதை உனக்கு எழுத மாட்டேன். இடுக்கியால் எடுத்து நெருப்பில் போடு. அகராதிக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

இனி வின்னியைப் பற்றி. கலங்காதே. டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பயப்படாதீங்க மிஸ் ப்ளேக்வே. இந்த வருசம் ஊர்ல வந்திருக்கிறதெல்லாம் மைல்டர் வகைதான். பத்து நாள்ல புள்ள எந்திரிச்சு ஓடும்." நான் மூன்று மாதமாக மாரடிக்கிற சொல் அவர் வாயிலேயே வந்தது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மாடி அறைக் கதவில், கிருமி வெளியே வராமலிருக்க, கார்பாலிக் மருந்தில் நனைத்த துணி தொங்குகிறது. வேலைக்கு வருகிற மார்த்தாவுக்குச் சின்ன வயதிலேயே இது வந்து போய்விட்டதால் வீட்டுக்குப் போகாமல் என்னோடு தங்கிவிட்டாள். இந்தக் கடிதத்தின் ஓரம் பழுப்பாக இருந்தால் பதறாதே, கிருமி சாக ரொட்டி அடுப்பில் கால் மணி நேரம் வைத்து எடுத்தது. இனி எல்லாக் கடிதமும் அப்படித்தான் வரும். மார்த்தா இடுக்கியில் பிடித்துத் தோட்டச் சுவர்மேல் வைப்பாள், பக்கத்து வீட்டு ஜோப் எடுத்துப்போய் தபாலில் போடுவார்.

நீ இங்கே வரக் கூடாது. கோபித்துக்கொள், அழு, ஹியூபர்ட்டைத் திட்டு. வரக் கூடாது.

உன் அக்கா,
ஹெஸ்தர்


பியூட்லி,
13 பிப்ரவரி, திங்கள்

அன்புள்ள அடீலா,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தேன்.

பொட்டலம் ஒன்பதரைக்கு வந்தது, என் தந்தி பதினொன்றேகாலுக்கு வந்தது என்று எழுதியிருக்கிறாய். ஒன்றே முக்கால் மணி நேரம். அதற்குள் பிரித்து, படுக்கையில் பரப்பி, பொருள்வாரியாகப் பிரிக்கவும் தொடங்கிவிட்டாய். யாருக்கும் இல்லாத சுறுசுறுப்பு உனக்கு. இன்னொன்றும் எழுதியிருக்கிறாய். ஒரு சீட்டின் மூலையில் சின்னப் பல் தடம் இருந்ததாம், வின்னியுடையதுதான் என்று பார்த்ததுமே தெரிந்ததாம், அதற்கு ஒரு முத்தம் கொடுத்தாயாம்.

இந்தப் பழக்கம் நம் வீட்டைத் தவிர வேறு எங்காவது இருக்குமா? இரண்டு கையிலும் கட்டு இருக்கும்போது, எதில் சேர்ப்பது என்று தெரியாத சீட்டைப் பல்லில் கவ்விக்கொள்வது. நான் உனக்குக் கற்றுக் கொடுத்தேன். நீ பிள்ளைக்குக் கற்றுக் கொடுத்தாய். அந்தச் சீட்டு அவள் வாயிலிருந்து நேராக உன் வாய்க்கு வந்திருக்கிறது. நான் எவ்வளவு யோசித்து விஷம் வைத்திருந்தாலும் இவ்வளவு கச்சிதமாக வைத்திருக்க முடியாது.

எல்லாவற்றையும் எரித்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். "பாவமா இருந்துச்சுக்கா, ஆயிரம் வருசத்துச் சொல்லு, ரெண்டே நிமிசத்துல எரிஞ்சு முடிஞ்சுது" என்று. சொல் எரியாது, தாள்தான் எரிந்தது. அதைப் பற்றி நினைக்காதே.

டாக்டரிடம் கேட்டேன். இரண்டு நாளில் காட்டலாம், எட்டு நாளும் ஆகலாம் என்கிறார். அப்படியானால் வெள்ளிக்கிழமை பதினேழாம் தேதி வரை. காலையும் மாலையும் கண்ணாடி முன்னால் நின்று தொண்டையைப் பார். உப்புத் தண்ணீரில் கொப்பளி. ஹியூபர்ட் இருட்டில் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்பான், அவனை நம்பாதே, ஜன்னல் வெளிச்சத்தில் நீயே பார். நாக்கு வெள்ளையாகி, அதில் சிவப்புப் பொட்டுகள் தெரிந்தால் உடனே தந்தி கொடு. தினமும் ஒரு வரி எழுது. ஒரு நாள் கடிதம் வரவில்லை என்றாலும் எனக்கு உயிர் நிற்காது.

வின்னி நன்றாக இருக்கிறாள். காய்ச்சல் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. கண்ணுக்கு வெளிச்சம் ஆகவில்லை என்று திரை போட்டிருக்கிறோம். மாட்டுக்கறிச் சாறு இரண்டு கரண்டி இறங்குகிறது. டாக்டர் மைல்டர்தான் என்கிறார்.

நேற்று மார்த்தா, அந்தச் சொல் என் வாயில் அடிக்கடி வருகிறதே என்று கேட்டாள்: "மைல்ட்னா பியர்தானம்மா? எங்க வீட்டுக்காரரு தெனமும் அதத்தான ஊத்திக்கிட்டு வர்றாரு! அதுக்கா இத்தன சீட்டு?" அவள் சொன்னதும் தப்பில்லை, பியருக்கென்று பதினொரு சீட்டு இருந்தது. அதைச் சொன்னால் அவள் வீட்டுக்காரரைப் பிடிக்க முடியாது.

வெள்ளிக்கிழமை வரை பல்லைக் கடித்துக்கொண்டு இரு. நானும் இருக்கிறேன்.

ஹெஸ்தர்


பியூட்லி,
18 பிப்ரவரி, சனி

அடீலா, என் கண்ணே,

உன் தந்தி நேற்று மாலை வந்தது. "தொண்டை சுத்தம், டாக்டரும் பார்த்தார்." ஜோப் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று உரக்கப் படித்தார். நான் இந்தப் பக்கம் கோழிக் கூண்டுமேல் உட்கார்ந்துவிட்டேன். ஜோப் பயந்து, "என்னம்மா, கெட்ட சேதியா?" என்று நாலு தடவை கேட்டாராம், எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. ஒன்பது நாளாக என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது. கடவுள் என் முட்டாள்தனத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. என்னை யாரும் இவ்வளவு பெரிய மனதோடு நடத்தியதில்லை.

இனி உன் கேள்விகள்.

மைல்டர் வகை என்றால் டாக்டர் ஏன் தினம் இரண்டு தடவை வருகிறார் என்று கேட்டிருக்கிறாய். எங்கள் வீடு அவர் போகிற வழியில் இருக்கிறது. தலைமுடியை ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டிருக்கிறாய். இது உனக்கு யார் சொன்னது? ஜோப் மனைவி எழுதினாளா? அவள் கை நிற்காது. காய்ச்சலில் முடி பாரமாக இருந்தது, அவ்வளவுதான். வெட்டியதை உனக்காக எடுத்து வைக்க நினைத்தேன், டாக்டர் எரிக்கச் சொல்லிவிட்டார். பொம்மையையும்தான். பொம்மை நெருப்பில் போனதை அவளிடம் சொல்லவில்லை, விட்பிக்கு உன்னைப் பார்க்கப் போயிருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். நீ அதே மாதிரி ஒன்று வாங்கி வை. நீலக் கண், இடது கை சற்று ஆடும்.

வலது காதில் வலி இருக்கிறது. நேற்று முதல் இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருக்கிறோம். இந்தக் காய்ச்சலில் இது சகஜம் என்கிறார் டாக்டர்.

"நீ என்ன எழுதினாலும் சரி, செவ்வாய்க்கிழமை ரயில் ஏறப் போறேன்" என்று எழுதியிருக்கிறாய். இதற்குத்தான் இந்தக் கடிதமே. அடீலா, நீ வந்தால் நான் கதவைத் திறக்க மாட்டேன். வாசலில் நின்று கத்தினாலும் திறக்க மாட்டேன். சிறு வயதில் உன்னை மாடியில் வைத்துப் பூட்டியவள்தானே நான், என் பிடிவாதம் உனக்குத் தெரியும். ஒரு தடவை உன்னைக் கடவுள் கையில் எடுத்துக் கொடுத்துத் திரும்ப வாங்கிவிட்டேன். இரண்டாவது தடவை கேட்கிற முகம் எனக்கு இல்லை. உன் வயிற்றில் இருப்பதற்கு நீ ஒருத்திதான் இருக்கிறாய். வின்னிக்கு நான் இருக்கிறேன்.

நம்பு. மைல்டர்தான்.

ஹெஸ்தர்


பியூட்லி,
6 மார்ச், திங்கள்

அன்புள்ள அடீலா,

நல்ல செய்தியோடு எழுதுகிறேன். காய்ச்சல் இறங்கி இன்றோடு பத்து நாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிகிறது, அது உரிந்து முடிகிறவரை யாரையும் அண்டவிடக் கூடாது. ஆனால் பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிட்டாள். நேற்று ஒரு முழு முட்டை சாப்பிட்டாள். மார்த்தா அந்த ஓட்டைக் கழுவி ஜன்னலில் வைத்திருக்கிறாள், கோயில் கிண்ணம் மாதிரி.

எரிந்துபோன சீட்டுகளைப் பற்றி அகராதி ஆசிரியருக்கு எழுதினேன். அவர் கோபித்துக்கொள்வார் என்று தயாராக இருந்தேன், பதிலுக்கு எழுத நாலு காரசாரமான வாக்கியம்கூட யோசித்து வைத்திருந்தேன். மனிதர் இரண்டே வரி எழுதினார்: "நினைவில் உள்ளவற்றை எழுதி அனுப்புங்கள். குழந்தை எப்படி இருக்கிறாள்?" என் நாலு வாக்கியமும் வீணாகிவிட்டது.

ஆகவே கட்டில் ஓரமாக உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். எந்தப் புத்தகம், எந்த வருடம் என்று மனதில் வருகிறவரை குறிக்கிறேன், பிறகு அகராதிக்காகப் புத்தகம் படித்துக் கொடுக்கிற வாசகர்கள் மூலத்தைத் தேடிச் சரிபார்ப்பார்கள். இதுவரை எழுபது தேறியிருக்கிறது. ஒன்று கவனித்தேன். சாதுவான எதையும் ஒருவரும் மைல்டர் என்று சொல்வதில்லை. பக்கத்தில் ஏதோ ஒரு கொடுமை நின்றால்தான் அந்தச் சொல்லுக்கு வேலை. மைல்டர் தண்டனை என்றால் எங்கோ தூக்குமரம் இருக்கிறது. மைல்டர் குளிர்காலம் என்றால் போன வருடம் ஆடு செத்திருக்கிறது. பாலாடைக்கட்டியையும் புகையிலையையும் அப்படிச் சொல்கிறவர்கள்கூட நாக்கு எரிந்த பிறகுதான் சொல்கிறார்கள்.

ஆனால் மிகப் பழைய சீட்டுகளில் நோயும் இல்லை, வானிலையும் இல்லை. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் நம் மக்கள் அந்தச் சொல்லை மனிதருக்கும் கடவுளுக்கும் மட்டும்தான் வைத்திருந்தார்கள். அடிக்க வலு இருந்தும் அடிக்காதவர். கேட்டால் இரங்குகிறவர். வடகடலுக்கு அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அதே சொல் அள்ளிக் கொடுக்கிறவனைக் குறித்தது. அரசனிடமிருந்து அது காற்றுக்கு வர நானூறு ஐந்நூறு வருடம் ஆயிற்று, பிறகு பியருக்கு, மருந்துக்கு, கடைசியில் காய்ச்சலுக்கு. நானும் டாக்டரும் கடைசிப் பொருளைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறோம், முதல் பொருளைக் கேட்டிருக்க வேண்டும்.

வின்னி உதவுகிறாள். நான் எழுதிப் போடுவதை வருடப்படி அடுக்குகிறாள், ஒன்றுகூடத் தவறுவதில்லை. ஆனால் உன் மகளுக்குப் பிடிவாதம் வந்திருக்கிறது அடீலா. நோயில் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன். கூப்பிட்டால் திரும்புவதில்லை. "வின்னி, மருந்து" என்றால் காதிலேயே வாங்கிக்கொள்ளாமல் சீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். முன்பு வாய் மூடாத பிள்ளை, இப்போது பேசினால் ஒன்று கத்துகிறாள், இல்லையென்றால் முணுமுணுக்கிறாள். மெதுவாகப் பேசு என்றால் என் முகத்தையே உற்றுப் பார்க்கிறாள், எதிர்த்துப் பார்க்கிற பார்வை. நீ ஏழு வயதில் இப்படித்தான் இருந்தாய், அதனால் மருந்தும் எனக்குத் தெரியும். பெரியம்மாவுக்குப் பதில் சொல்கிறவரை ஜாம் கிடையாது என்று சொல்லி இரண்டு நாளாக நிறுத்தி வைத்திருக்கிறேன். வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டு, ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. என்ன வீம்பு பார்.

மார்த்தா என்னை முறைக்கிறாள். "புள்ளக்கி ஒடம்பு இன்னும் தேறலம்மா, போய் அதுகிட்ட ஒங்க வாத்தியார்த்தனத்த காட்டுறீங்க" என்றாள். அவளுக்கு ஏழு பிள்ளைகள், ஏழும் அவளை ஏய்க்கும்.

உன் கால் வீக்கம் குறைந்ததா? தொட்டில் துணியெல்லாம் துவைத்தாயிற்றா? ஆணா பெண்ணா என்று விட்பி மீனவப் பெண்கள் வயிற்றைப் பார்த்தே சொல்லிவிடுவார்களாமே, என்ன சொன்னார்கள்?

ஹெஸ்தர்


பியூட்லி,
24 மார்ச், வெள்ளி

அன்புத் தங்கைக்கு,

திங்கட்கிழமை அதிகாலை ஆண் பிள்ளை பிறந்தான், தாயும் சேயும் சுகம் என்று ஹியூபர்ட் தந்தி கொடுத்தான். நேற்று கடிதமும் வந்தது. நீ எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறாய், காய்ச்சல் இல்லை, பால் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறான். கடைசி வரியில், "இனி சொல்லலாம் அண்ணி. நான் பக்கத்துல இருந்து படிக்க வெக்கிறேன்" என்று எழுதியிருக்கிறான்.

அவன் பக்கத்தில் இருக்கிறானா? குழந்தையை அவன் கையில் கொடு. பிறகு படி.

முதலில் என் பொய்கள். பிப்ரவரி பதின்மூன்றாம் தேதி காலையிலேயே டாக்டர் அந்தச் சொல்லை விட்டுவிட்டார். நான்தான் விடவில்லை. அன்று அவர் சொன்னது: "மிஸ் ப்ளேக்வே, நான் தப்பா சொல்லிட்டேன். இது மைல்டர் இல்ல. இன்னிக்கும் நாளைக்கும் தாண்டுனா பாக்கலாம்." தாண்டியது. ஆனால் ஆறு நாள் அவளுக்கு என்னை யார் என்று தெரியவில்லை. உன்னைத்தான் கூப்பிட்டாள். நான் உன் குரலில் பதில் சொன்னேன். உனக்கு எழுதியிருந்தால் நீ முதல் ரயிலில் ஏறியிருப்பாய், உன்னையும் இப்போது பிறந்திருக்கிற இவனையும் சேர்த்து நான் புதைத்திருப்பேன். அதனால் மைல்டர் என்று எழுதினேன், மறுபடி எழுதினேன். இதற்காக என்னைத் திட்டு, ஹியூபர்ட்டைத் திட்டாதே. அவனுக்கு இந்த மாதம் எட்டாம் தேதிதான் எழுதினேன். படித்துவிட்டு மூன்று வரி பதில் எழுதினான், எழுத்தெல்லாம் மேலும் கீழுமாக இருந்தது. அன்று முதல் உன் முன்னால் எப்படிச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்று எனக்குத் தெரியவில்லை.

எட்டாம் தேதி என்ன எழுதினேன் என்று சொல்கிறேன்.

உனக்குப் போன கடிதம் எழுதிய மறுநாள். வின்னி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து ஆற்றில் போகிற படகை எண்ணிக்கொண்டிருந்தாள். நான் மேசையில் இருந்தேன். மார்த்தா கரி வாளியோடு உள்ளே வந்தவள் கால் தடுக்கி, அவ்வளவு கரியையும் இரும்பு வாளியோடு கீழே போட்டாள். என் பேனா கையிலிருந்து விழுந்தது. ஜோப் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "என்னாச்சு?" என்று கத்தினார். வின்னி திரும்பவில்லை. ஜன்னல் கண்ணாடியில் விரலை வைத்து, படகை எண்ணிக்கொண்டே இருந்தாள்.

மார்த்தா என்னைப் பார்த்தாள். நான் மார்த்தாவைப் பார்த்தேன். பிறகு அவள் அந்த வாளியை எடுத்து, இன்னொரு தடவை, வேண்டுமென்றே போட்டாள்.

டாக்டர் அன்று மாலை மணியடித்துப் பார்த்தார், கரண்டியைத் தட்டிப் பார்த்தார், முதுகுக்குப் பின்னால் கையைத் தட்டிப் பார்த்தார். இரண்டு காதும் போய்விட்டது அடீலா. காய்ச்சல் உள்ளே இறங்கித் தின்றுவிட்டதாம். திரும்பி வருமா என்று கேட்டேன். வராது என்று நேராகச் சொன்னார். தோட்டக் கதவு வரைக்கும் போனவர் தொப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்று, "இந்தத் தெருவுலயே ரெண்டு வீட்டுல புள்ளையே போயிருச்சும்மா. அதோட பாத்தா..." என்று ஆரம்பித்தார். "அந்தச் சொல்லை மட்டும் சொல்லாதீங்க டாக்டர்" என்றேன். அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஜாமை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை. ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துத் தேதியும் இடமும் பார்த்துப் பொருள் எழுதுகிறவள் நான். பிள்ளை என் வாயைப் பார்த்ததற்கு எதிர்ப்பு என்று பொருள் எழுதினேன். அவள் கேட்க முயன்றுகொண்டிருந்தாள். இரண்டு நாள் வெறும் ரொட்டி கொடுத்தேன். ஏன் என்று கேட்கவில்லை என்று உனக்குப் பெருமையாக வேறு எழுதினேன். நான் சொன்னதே அவளுக்கு விழவில்லை, எதை வைத்துக் கேட்பாள்? அடுத்த நாள் ஜாடியையே மடியில் வைத்துக் கரண்டியைக் கையில் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு என் கண்ணைத் துடைத்தாள், துடைத்த கையில் ஜாம் இருந்தது.

அவள் அழுது பார்த்தேன், ஒரே ஒரு நாள். அதற்கு மறுநாள் அவளே வழி கண்டுபிடித்தாள். என் மேசையிலிருந்து வெற்றுச் சீட்டு ஒரு கட்டு எடுத்து என் மடியில் போட்டு, "எழுதுங்க பெரியம்மா" என்று கத்தினாள். அன்று முதல் நாங்கள் சீட்டில் பேசுகிறோம். அவள் வாயால் சொல்கிறாள், நாங்கள் எழுதிக் கொடுக்கிறோம். ஒன்றையும் எறிவதில்லை. யார் சொன்னது, எந்தத் தேதி என்று மேலே குறித்து, ஆள்வாரியாகக் கட்டி வைக்கிறாள். மார்த்தாவுக்கு எழுத வராது, அதனால் படம் போடுகிறாள். மார்த்தா கட்டு முழுக்கக் கோழியும் குழம்புச் சட்டியுமாக இருக்கிறது. டாக்டர் கட்டு சின்னது. என் கட்டுதான் பெரியது, அதற்காகவும் கேலி செய்கிறாள்: "பெரியம்மா நெறைய பேசுறாங்க!" உனக்கென்று ஒரு நூல் எடுத்து முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறாள். அதற்குள் இன்னும் ஒன்றுமில்லை.

மைல்டர் வேலை முடிந்தது. நூற்றுப் பன்னிரண்டு சீட்டு நினைவிலிருந்து எழுதி அனுப்பிவிட்டேன். முப்பத்துநாலு உன் அடுப்போடு போகட்டும். பொருள் வரிசையில் இரக்கத்தை முதலில் வைத்தேன், நோயைக் கடைசியில் வைத்தேன். வருடக் கணக்கும் அப்படித்தான் சொல்கிறது, ஆனால் இந்தத் தடவை நான் வருடத்தைப் பார்த்து வைக்கவில்லை.

தோல் உரிந்து முடிந்துவிட்டது. கிருமி போகக் கந்தகப் புகை போட்டு அறையை மூடியிருக்கிறோம். ஏப்ரல் பத்தாம் தேதி ஹியூபர்ட் வந்து அவளை அழைத்துப்போகலாம் என்கிறார் டாக்டர். நீ விட்பி ரயில் நிலையத்துக்கு வருவாய், எத்தனை தடுத்தாலும் வருவாய், தெரியும். ஆகையால் இதைக் கவனமாகப் படி. கூட்டத்தில் அவளைப் பின்னாலிருந்து கூப்பிடாதே. நீ கூப்பிட்டு அவள் திரும்பாமல் நின்றால் உன்னால் தாங்க முடியாது. சுற்றிக்கொண்டு முன்னால் வா. குனிந்து, வெளிச்சம் உன் முகத்தில் விழும்படி நின்று, அதற்குப் பிறகு அவள் பெயரைச் சொல். என் வாயில் அவள் பெயர் எப்படி இருக்கும் என்று அவளுக்கு இப்போது தெரியும். உன் வாயில் எப்படி இருக்கும் என்று அவள் இன்னும் பார்த்ததில்லை.

அழாதே என்று சொல்ல மாட்டேன். ஆனால் அழுதுகொண்டே பேசாதே, உதடு கோணினால் அவளுக்குப் புரியாது.

தம்பி பிறந்த செய்தியைத் திங்கட்கிழமை எழுதிக் கொடுத்தேன். மூன்று தடவை படித்தாள். நேற்று ஒரு சீட்டைக் கொண்டுவந்து, அம்மாவுக்கு அனுப்புங்கள், அடுப்பில் வைக்க மறக்காதீர்கள் என்றாள். இதோடு வைத்திருக்கிறேன். சுட்டுத்தான் அனுப்புகிறேன், பயப்படாமல் தொடலாம், முத்தமும் கொடுக்கலாம். நான் ஒரு எழுத்தும் திருத்தவில்லை. அவள் எழுதியது இவ்வளவுதான்:

"அம்மா. 23 மார்ச். தம்பி அழுதால் எப்படி இருக்கிறது? சீட்டில் எழுதி அனுப்பு. நான் எடுத்து வைக்கிறேன்."

என்னால் இதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. நாற்பத்தைந்து வயதில், வாழ்க்கை முழுக்கச் சொல்லோடு இருந்தவளுக்கு, ஒரு சொல் கிடைக்கவில்லை. நீ எழுது அடீலா. அவன் அழும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, கேட்டபடியே எழுது. தினமும் ஒன்று எழுது. அந்த நூலுக்குள் ஏதாவது இருக்கட்டும்.

என்னை மன்னிக்க வேண்டாம், அவளுக்கு எழுதினால் போதும்.

ஆயிரம் வருடத்துக்கு முன்னால் அந்தச் சொல்லால் யாரைக் கூப்பிட்டார்களோ, அவர் உன்னையும் உன் இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் அக்கா,
ஹெஸ்தர்